பழைய ஹேண்டில்பார் ஸ்விட்சைத் தூக்கி எறியாதீர்கள்: ஒரு புல்லட், ஒரு ஆர்.எக்ஸ். 100, சென்னை உப்புக்காற்று

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கூடினால் கார்புரேட்டர், பிஸ்டன், சைலன்சர் சத்தம் என்று பேச்சு பொழுது சாயும்வரை நீளும். கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஸ்விட்சைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இரவில் எதிரே லாரி வரும்போது டிப் அடித்து (முன்விளக்கின் ஒளியைத் தாழ்த்தி), முன்விளக்கு மொத்தமாக அணைந்து, சாலையே காணாமல் போன பிறகுதான் அதன் நினைவு வரும்.

என்னிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று எழுபதுகளில் செய்யப்பட்ட 6 வோல்ட் புல்லட் 350. மற்றது 1990ஆம் ஆண்டு யமஹா ஆர்.எக்ஸ். 100. இரண்டும் காட்சிக்கு நிறுத்தியவை இல்லை, மழையிலும் வெயிலிலும் ஓடுபவை. பழுதுபார்த்த பழைய ஸ்விட்ச், கடையில் புதிதாகக் கிடைக்கும் நகல், வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியது என மூன்று வகையையும் போதுமான காலம் பயன்படுத்திவிட்டேன். உடல் உடையாத பழைய ஸ்விட்ச் கையில் இருந்தால் அதையே பழுதுபார்ப்பதுதான் சரி என்பது என் முடிவு. அதற்கான காரணம் பழமையின் மீதான பற்று இல்லை. உள்ளே இருக்கும் பித்தளையின் கனம்.

முதலில் ஸ்விட்சின் மீது பழி போடும் முன் வயரைப் பாருங்கள். ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் ஸ்விட்சிலிருந்து வெளியே வரும் வயர் அதே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. பல ஆண்டுகள் கழித்து, மேலுறை முழுதாக இருக்கும். உள்ளே செம்பு இழைகள் பாதி அறுந்திருக்கும். வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். விளக்கு மினுக்கினால் குற்றவாளி பெரும்பாலும் வயர்தான்.

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. என் புல்லட்டில் ஹாரனுக்கு மின்சாரம் நேராகப் போகிறது; பொத்தானை அழுத்தும்போது எர்த் இணைப்புதான் பூர்த்தியாகிறது. அந்த எர்த், ஸ்விட்சின் உலோக உடல் வழியாக ஹேண்டில்பாருக்கும், அங்கிருந்து ஸ்டீயரிங் பேரிங்கைத் தாண்டி வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் போயாக வேண்டும். வண்டியைப் புதுப்பிக்கிறேன் என்று ஹேண்டில்பார் முழுவதும் பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் ஹாரன் ஊமையாகிவிடும். நன்றாக இருந்த ஸ்விட்சுகள் இந்த ஒரே காரணத்துக்காகக் குப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்விட்சின் கவ்விக்குள்ளிருந்து சட்டத்துக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய ஆங்கில வண்டி என்றால் பேட்டரியின் பாசிடிவ் முனைதான் எர்த்தாக இருக்கக்கூடும். அதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஸ்விட்சுக்குள்தான் கோளாறு என்று உறுதி செய்ய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முன்விளக்கு எரியும்போதே ஒரு முனையை ஸ்விட்சுக்குள் மின்சாரம் நுழையும் இடத்திலும் மறுமுனையை வெளியேறும் இடத்திலும் வையுங்கள். நல்ல ஸ்விட்சில் கிட்டத்தட்ட சுழியம் காட்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் நான் பிரித்துவிடுவேன். இது அற்பக் கணக்கு என்று தோன்றலாம். 6 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கிறது. ஸ்விட்சின் முனைகளில் படிந்த அழுக்கு 0.1 ஓம் தடை கொடுத்தாலே 0.6 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் பல்பின் ஒளி ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். அதே அழுக்கு 12 வோல்ட் வண்டியில் இருந்தால் இழப்பு இரண்டரை சதவீதம்தான். 6 வோல்ட் புல்லட்டின் விளக்கை மெழுகுவர்த்தி என்று கேலி செய்பவர்கள் ஒரு முறையாவது ஸ்விட்சைத் துலக்கிவிட்டுப் பேசலாம்.

துலக்குவது என்று சொன்னது பொருத்தமான சொல்தான். பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் குத்துவிளக்குக்குப் போடும் அதே புளிதான் மருந்து. கரைத்த புளியில் தகடுகளை மட்டும் சற்று நேரம் போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். புளியின் அமிலம் மிச்சம் இருந்தால் மறுபடி களிம்பு ஏறும் என்பதால் அலசுவதில் சோம்பல் கூடாது. ஸ்ப்ரிங்கையும் சிறிய எஃகுக் குண்டையும் புளித்தண்ணீரில் போடவே கூடாது. மின்முனையில் வெள்ளி நிறப் பொட்டு இருந்தால் புளியும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த கெட்டித் தாளை இடையில் வைத்து இழுத்தால் போதும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கும் மெக்கானிக்குகள் அந்த மேல்பூச்சைச் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பிரிக்கும்போது ஸ்விட்சை ஒரு பாலிதீன் பைக்குள் வைத்துப் பிரியுங்கள். எஃகுக் குண்டு துள்ளி எங்கே ஓடும் என்று அதற்கே தெரியாது. டிப் ஸ்விட்சின் நடுத்தகட்டைக் கூர்ந்து பாருங்கள். நல்ல நிலையில் இருப்பது ஹை முனையை விடுவதற்கு முன்பே டிப் முனையைத் தொட்டுவிடும். தேய்ந்த தகடு நடுவில் ஒரு கணம் இரண்டையும் விட்டுவிடும். லாரியின் முன்னால் இருட்டுவது அந்தக் கணத்தில்தான். தகட்டை மிக லேசாக நிமிர்த்தி, ஸ்ப்ரிங்கை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரியான ஸ்ப்ரிங் பழைய பால்பாயின்ட் பேனாக்களில் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், ஆனால் கம்பி மெலிது, சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. ஸ்ப்ரிங் கடையில் அளவு கொடுத்து வாங்குவதே மேல்.

ஸ்விட்சுக்குள் இருக்கும் பேக்கலைட் (பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) பாகம் விரிசல் விட்டிருந்தால் அரால்டைட் பசை ஒட்டும். சூட்டில் உருகாத பொருள் என்பதால் சால்டர் வைக்கும்போதும் பயமில்லை. ஜப்பானிய வண்டிகளின் ஸ்விட்சில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக். அங்கே சால்டர் இரும்பை நொடிப்பொழுதுக்கு மேல் வைத்தால் முனை சாய்ந்துவிடும்.

இனி தேடும் படலம். இந்த விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் ராயல் என்ஃபீல்டும் 1955இல் கைகோத்து, திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கின. மின்சாதனங்கள் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். சென்னையின் பாடி பகுதியில் இருக்கிறது. விளக்கை அணைத்துக் கைவிட்டுவிடும் என்று லூகாஸ் பெயரை வைத்து ஆங்கிலேயர்கள் 'இருட்டின் இளவரசர்' எனக் கேலி பேசுவார்கள். என் புல்லட்டின் பழைய ஸ்விட்ச் அந்தக் கேலிக்குத் தகுதியானது இல்லை.

புதுப்பேட்டைக்குப் போவதென்றால் காலையிலேயே போங்கள். கழற்றிய வண்டிகளின் பாகங்கள் குவிந்திருக்கும் கடைகளில் ஸ்விட்சுகளைத் தனியாகத் தேடாதீர்கள்; முழு ஹேண்டில்பார்களைத் தேடுங்கள். வயரோடு ஹேண்டில்பாரில் மாட்டிய நிலையிலேயே இருக்கும் ஸ்விட்ச், கோணிக்குள் கிடந்து இடிபட்டதைவிட நல்ல நிலையில் இருக்கும். வயரை ஒட்ட வெட்டியிருந்தால் நான் வாங்குவதில்லை, ஏனென்றால் உள்ளே புதிதாகச் சால்டர் வைக்க இடமே இருக்காது. மல்டிமீட்டரைப் பையிலிருந்து எடுத்தால் கடைக்காரரின் முகம் சற்று மாறும். "என்ன சார், ஆஸ்பத்திரியா இது?" என்று ஒரு பாய் கேட்டார். கேட்டுவிட்டு, அடியில் கிடந்த இன்னொன்றை எடுத்து, "அப்படியென்றால் இதைப் பாருங்கள், அது உங்களுக்கு ஆகாது" என்று நீட்டினார். மீட்டரில் அது சுழியம் காட்டியது. இன்றும் என் வண்டியில் இருப்பது அதுதான்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் புதிய உதிரிபாகங்களுக்கு. சால்டர், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், ஆல்கஹால் எல்லாம் பக்கத்திலேயே ரிச்சி தெருவில் கிடைக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை முழுக்க அதிர்ஷ்டம். ஒன்றும் கிடைக்காமல் வெயிலில் வெந்து திரும்பவும் நேரும். எவரோ பெட்டியோடு வைத்துவிட்ட பழைய சரக்கு கண்ணில் படவும் படும். பழைய யெஸ்டி வைத்திருப்பவர்களின் பாடுதான் கஷ்டம். அதைச் செய்த மைசூரு ஐடியல் ஜாவா 1996இல் மூடப்பட்டதிலிருந்து கையிருப்பு கரைந்துகொண்டே வருகிறது.

புதிய நகல்களைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பார்க்க அச்சு அசலாக இருக்கும். முதல் சில மாதங்கள் பழையதைவிட மென்மையாகவே இயங்கும். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவரும்: தகடு மெலிது, வயர் மெலிது, திருகு மரை இளகிவிடுகிறது. என் புல்லட்டில் மாட்டிய நகல் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. டிப் பக்கம் சூடேறி உள்ளே பிளாஸ்டிக் தளர்ந்துவிட்டது. அதே நகலை ஒரு 12 வோல்ட் வண்டியில், ரிலேயோடு மாட்டியிருந்தால் இன்னும் ஓடியிருக்கும். ரிலே போட்டால் விளக்கின் மின்சாரம் ஸ்விட்ச் வழியாகப் போகாது; ரிலேயை இயக்கும் சிறிதளவு மட்டுமே போகும். நகல்தான் கதி என்றால் ரிலேயையும் சேர்த்தே வாங்குங்கள்.

வேறு வண்டியின் ஸ்விட்சைப் பொருத்தலாமா என்றால், தடிமன் பிரச்சினை இல்லை; ஆங்கில, ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலானவற்றின் ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர்தான். ஆனால் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்பது விதி. அதனால் அவற்றின் ஸ்விட்சுகளில் விளக்கை அணைக்கும் பொத்தானே இருக்காது. 6 வோல்ட் பேட்டரியைப் பகலெல்லாம் உறிஞ்சவிட நமக்குக் கட்டுப்படியாகாது. புல்லட்டில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு: இடது பக்கம் கிளட்ச் லீவர், டீகம்ப்ரஸர் லீவர் (கிக்கரை உதைக்கும்போது என்ஜினின் அழுத்தத்தை விடுவிப்பது) இரண்டும் ஏற்கெனவே இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அகலமான புதிய ஸ்விட்ச் கட்டைவிரலுக்கு எட்டாத தூரத்தில் போய் உட்காரும். நான் மாட்டிப் பார்த்து ஒரே வாரத்தில் கழற்றிவிட்டேன்.

ஆர்.எக்ஸ். 100 இவ்வளவு படுத்துவதில்லை. அதில் கவனிக்க வேண்டியது திருகுகளை. ஜப்பானிய அளவுக் கூட்டல் குறித் திருகுகளில் சாதாரண ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும், ஜே.ஐ.எஸ். முனை கொண்டது ஒன்றை வாங்கிவிடுங்கள். வயர் நிறங்களும் யமஹா வழக்கப்படி மஞ்சள் ஹை, பச்சை டிப், இளஞ்சிவப்பு ஹாரன், கறுப்பு எர்த். முன்பு எவராவது கை வைத்திருந்தால் இந்த இலக்கணம் செல்லாது. கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நான் இருப்பது திருவான்மியூரில், கடற்காற்று அடிக்கும் தெருவில். ஐப்பசி மழை தொடங்கும் முன் இரண்டு ஸ்விட்சையும் திறந்து, துடைத்து, மின்முனைகளில் வாசலினை மெல்லியதாகத் தடவி மூடிவிடுகிறேன். வயர் நுழையும் இடத்து ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுகிறேன். வண்டி கழுவும் கடையில் அதிவேகத் தண்ணீர்க் குழாயை ஹேண்டில்பார் பக்கம் காட்ட விடுவதில்லை. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஹாரனையும் விளக்கையும் இண்டிகேட்டரையும் பார்ப்பார்கள் என்பதால், அதற்கு முந்தைய நாள் மீட்டரை வைத்து ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

புல்லட்டின் ஹாரன் பொத்தானை இப்போதும் சற்று அழுத்தித்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. பொத்தானுக்கு அடியில் இருக்கும் கூம்பு ஸ்ப்ரிங்குக்குச் சரியான அளவு இன்னும் கிடைக்கவில்லை.