செட்டிநாட்டு வீட்டுச் சுவர்: சுண்ணாம்புப் பூச்சா, சிமெண்ட் பூச்சா?

காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீட்டைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, உதிர்ந்த சுவர்ப் பூச்சை எதைக் கொண்டு சரிசெய்வது என்பதையே. சிமெண்ட் விரைவில் இறுகும். கொத்தனாரும் எளிதில் கிடைப்பார். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர், உறிஞ்சிய ஈரத்தை மேற்பரப்பின் வழியே வெளிவிடும் இயல்புடையது என்பதால், சிமெண்ட் அவ்வழியை அடைத்துவிட, உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் சேர்ந்து செங்கல்லை அரிக்கத் தொடங்குகின்றன. சில ஆண்டுகளில் பூச்சைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது ஓசையிலேயே தெரியும். பெயர்த்தால் செங்கல்லின் மேல்தோலும் உடன் வரும்.

சுண்ணாம்புப் பூச்சுக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து, பல அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருக்க வேண்டும்; முட்டை வெண்கரு கலந்த கடைசி அடுக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்கத் தெரிந்தவர்கள் இன்று அரிது, கூலியும் கூடுதல். ஆயினும் சுவர் நிலைக்கும். பிற்காலத்தில் விரிசல் கண்டால் அவ்விடத்தை மட்டும் செப்பனிடலாம்.

பணம் போதாதெனில், முகப்பையும், வளவு எனப்படும் நடு முற்றப் பகுதியையும் இப்போது சுண்ணாம்பில் முடித்து, மற்ற அறைகளைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பேன். பின்கட்டில் தனியாக, புதிதாக எழுப்பும் குளியலறைக்குச் சிமெண்ட் தாராளமாகப் பொருந்தும்.