சைலோவுக்கு ஸ்டே கம்பி: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என் பண்ணையில் தானியம் சேமித்து வைக்க, நெளிதகட்டால் ஆன மூன்று எஃகுச் சைலோக்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 5.5 மீட்டர் விட்டமும், கூரை தொடங்கும் விளிம்பு வரை 6 மீட்டர் உயரமும் கொண்டது. குதிர் என்று எழுதவே எனக்கு ஆசை. ஆனால் இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் அது குதிரையாகிவிடுவதால், சைலோ என்றே எழுதுகிறேன். இவற்றைக் காற்றுக்கு அசையாமல் பிடித்து வைக்கும் ஸ்டே கம்பிகளையும், அக்கம்பிகளைத் தரையோடு பிணைத்து இறுக்கும் சாமான்களையும் ஒன்பது ஆண்டுகளாக நானே பொருத்தியும் கழற்றியும் மாற்றியும் வருகிறேன். இத்தனை காலத்தில் கம்பி அறுந்து நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தொல்லை கொடுத்தவை எல்லாம் கம்பியின் இரு முனைகளிலும் இருக்கும் சிறு சாமான்களும், அவற்றை இறுக்கிய என் கையும்தான்.

நிரம்பிய சைலோ இந்தக் கம்பிகளை நம்பி நிற்பதில்லை. என் அளவுச் சைலோவில் மக்காச்சோளம் முழுதாக நிரம்பினால் உள்ளே சுமார் 100 டன் பாரம் இருக்கும். அந்த எடை அதைத் தரையில் அழுத்தி வைப்பதோடு, தானியம் உள்ளிருந்து சுவரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருப்பதால் காற்றுக்குத் தகடு உட்குழிவதும் இல்லை. சரக்கை எடுத்துவிட்ட பிறகு நிற்பது வெறும் தகரக் குழாய்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும்: மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 25 கிலோ அழுத்தினால், 144 கி.மீ. வேகக் காற்று 100 கிலோ அழுத்தும். உருளை வடிவம் காற்றை ஓரளவு வழுக்கிப் போகவிடும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அந்தப் பெருங்காற்றில் என் சைலோ ஒவ்வொன்றும் சுமார் 2 டன் பக்கவாட்டு விசையைத் தாங்கியாக வேண்டும். அடித்தளத்துப் போல்ட்டுகள் கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மேல்விளிம்பு ஆடாமல் இருப்பதற்கே சைலோ ஒன்றுக்கு நான்கு கம்பிகள், மேல்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரிச் சாய்வில் தரைக்கு இறங்குகின்றன.

முதல் ஆண்டு நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். கம்பி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு, டர்ன்பக்கிளின் (திருப்பினால் கம்பியை இழுத்து இறுக்கும் மரைச் சாமான்) நடு உடலுக்குள் நீண்ட கடப்பாரையை நுழைத்து, இனிமேல் திரும்பாது என்ற நிலை வரை முறுக்கினேன். கம்பியைத் தட்டினால் வீணைத் தந்தி போல ஒலித்தது. எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. சில வாரங்களுக்குப் பின், சாய்ந்த வெயில் சுவரின் மேல் விழும் நேரத்தில், கம்பி மாட்டியிருந்த தாங்கிக்குக் கீழே, தகட்டின் மூன்றாவது நெளிவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மடிப்பு விழுந்திருப்பதைக் கண்டேன். நேர்வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. 45 டிகிரியில் இழுக்கும் கம்பி, தன் இழுவிசையில் பத்தில் ஏழு பங்கைச் சுவரைக் கீழ்நோக்கி அழுத்துவதில் செலவிடுகிறது. நான்கு கம்பிகளிலும் ஆளுக்கு 1 டன் ஏற்றினால், காலியான மெல்லிய சுவரின் நான்கு புள்ளிகளில் காற்றே இல்லாத நாளிலும் மொத்தம் 2.8 டன் உட்கார்ந்திருக்கும். நெளிதகடு வெளித்தள்ளலைத் தாங்குவதற்காக நெளிக்கப்பட்டது. மேலிருந்து அழுத்தினால் துருத்தி போல மடங்கத்தான் அதற்குத் தெரியும். காற்றிலிருந்து காப்பாற்றப் போட்ட கம்பியை வைத்தே சுவரை நசுக்கியிருந்தேன். அந்த மடிப்புக்கு உள்பக்கம் செங்குத்தாக ஒரு தாங்கல் சட்டம் போல்ட் செய்து வைத்திருக்கிறேன். மடிப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அதன் பிறகு விறைப்பை அளக்க ஒரு வழி தேடினேன். இழுவிசை அளக்கும் கருவி இல்லாமலேயே இதைச் செய்யலாம். கம்பியின் அடிமுனைக்கு அருகில் கையால் ஓர் அடி அடித்தால், அந்த அதிர்வு மேலே ஓடி, விளிம்பில் மோதி, மறுபடி கைக்குத் திரும்பும். விரலை லேசாக வைத்திருந்தால் ஒவ்வொரு திரும்பலும் துடிப்பாகத் தெரியும். என் கம்பியின் நீளம் 8.5 மீட்டர், எடை மீட்டருக்குச் சுமார் 400 கிராம். இந்த அளவில் பத்துத் திரும்பல்களுக்கு 3.4 விநாடி ஆனால் இழுவிசை சுமார் 100 கிலோ, 2.4 விநாடி ஆனால் சுமார் 200 கிலோ; 1.7 விநாடிக்கு வந்துவிட்டால் 400 கிலோ. நேரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கைபேசியின் நிறுத்துக் கடிகாரமே இதற்குப் போதுமான கருவி. நான் இப்போது 100 கிலோவுக்கும் 200 கிலோவுக்கும் இடையில் நிறுத்திக்கொள்கிறேன். சைலோவைச் செய்தவர் தரும் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். என்ன அளவானாலும் நான்கு கம்பிகளும் ஒத்திருப்பது அவசியம். எதிரெதிர்க் கம்பிகளை மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக ஏற்றினால்தான் அந்த ஒப்பு கிடைக்கும்.

வெயிலில் கம்பி நீண்டு தொய்ந்துவிடுமே என்று தொடக்கத்தில் பகலுக்கொரு தடவை, இரவுக்கொரு தடவை போய்ப் பார்த்தேன். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.012 மி.மீ. நீளும். 30 டிகிரி வேறுபாட்டில் என் கம்பி நீளுவது சுமார் 3 மி.மீ. மட்டுமே, சைலோவின் சுவரும் கூடவே உயர்வதால் அதில் ஒரு பங்கு ஈடாகிவிடுகிறது. உண்மையான தொய்வு வேறோர் இடத்திலிருந்து வந்தது. என் கம்பி எஃகு இழைகளை முறுக்கிச் செய்த வயர் ரோப். புது வயர் ரோப்பில் இழைகள் சுமை ஏறியபின்தான் ஒன்றோடொன்று நெருங்கி அமர்கின்றன. எஃகு நடுவிழை கொண்ட கம்பிக்கே இந்த நிரந்தர நீட்சி கால் விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காடு வரை இருக்கும். எனக்கு அது 21 முதல் 42 மி.மீ. வரை என்று கணக்காகிறது. 5/8 அங்குல டர்ன்பக்கிளை ஒரு முழுச்சுற்று திருப்பினால் இரு பக்க மரைகளும் சேர்ந்து 4.6 மி.மீ. உள்ளிழுக்கும், ஆக, முதல் சில மாதங்களில் ஐந்து முதல் ஒன்பது சுற்று வரை திரும்ப ஏற்ற வேண்டியிருப்பது குறையன்று, எதிர்பார்க்க வேண்டியதே. அதனால் பொருத்தும் நாளிலேயே டர்ன்பக்கிளைப் பாதிக்கு மேல் திறந்து வைத்துக்கொண்டு, கம்பியைக் கையிழுப்பு வின்ச்சால் இழுத்துக் கட்டிவிட வேண்டும். தொய்வையெல்லாம் டர்ன்பக்கிளாலேயே வாரி எடுத்தால், பின்னர் ஏற்ற மரையே மிச்சமிருக்காது. நாரை நடுவிழையாக வைத்த கம்பியை வாங்கவே வேண்டாம். அது மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியும் பார்வைக்குத்தான் அழகு. துருவை மறைத்துக் காட்டுவதோடு, உறையின் மேல் போட்ட கிளாம்ப் வழுக்கும்.

இனி யூ கிளாம்ப்புகள். கம்பி முனையைத் திம்பிள் என்ற உலோக வளையத்தைச் சுற்றி மடித்து, மடங்கி வந்த வாலைச் சுமை தாங்கும் கம்பியோடு சேர்த்துப் பிடிப்பவை இவை. யூ போல்ட்டின் வளைவு வாலின் மேலும், பள்ளம் வெட்டிய அடிக்கட்டை சுமை தாங்கும் கம்பியின் மேலும் அமர வேண்டும். சரியாகப் போட்டால் கம்பியின் வலிமையில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். தலைகீழாகப் போட்டால் யூ போல்ட் சுமைக்கம்பியை நசுக்கி, அது 40 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். எனக்கு முன்பு வேலை செய்துகொடுத்த பொருத்துநர், பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியுமாக மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். கழற்றிப் பார்த்தபோது சுமைக்கம்பியில் பிறை வடிவில் இரண்டு பள்ளங்கள் பதிந்து, ஒன்றில் மூன்று இழைகள் முறிந்து மீசை போல நீட்டிக்கொண்டிருந்தன. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மறுபடி கட்டினேன்.

கிளாம்ப்பில் வார்ப்பில் செய்தது, அடித்து உருவாக்கியது என இரு வகை உண்டு. வார்ப்பு வகையில் இரண்டு, நட்டை இறுக்கும்போதே அடிக்கட்டை விரிசல் விட்டுவிட்டன. அடித்து உருவாக்கிய வகைக்கு 3/8 அங்குலக் கம்பியில் குறைந்தது 2 கிளாம்ப்பு, 165 மி.மீ. மடிப்பு நீளம், 61 நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்பது அட்டவணை அளவு. நான் மூன்று போடுகிறேன். அதற்கேற்ப வாலையும் நீளமாக விடுகிறேன். சுமை ஏறியதும் கம்பி சற்று மெலிந்துவிடுவதால், முதல் இறுக்கத்துக்குப் பின் ஒருமுறை, முதல் பெருங்காற்றுக்குப் பின் ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கியாக வேண்டும். இதில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது ஒரு சிறு தூரிகைச் சிவப்புப் பெயிண்ட். கடைசிக் கிளாம்ப்பை ஒட்டி, வாலின் மேலும் சுமைக்கம்பியின் மேலும் ஒரே நேர்கோடாகத் தீட்டி வைப்பேன். இரண்டாம் ஆண்டுக் காற்றுக்குப் பின் வடக்குச் சைலோவின் ஒரு கம்பியில் அந்தக் கோடு இரண்டாக உடைந்து, துண்டுகளுக்கிடையே 12 மி.மீ. இடைவெளி இருந்தது. கம்பி தொய்ந்ததாகக் கண்ணுக்குத் தோன்றவே இல்லை. பெயிண்ட் இல்லாவிட்டால் அந்த நழுவலை நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

டர்ன்பக்கிளில் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. கொக்கி முனை மாட்டுவதற்கு எளிது என்று முதலில் அதையே வாங்கினேன். அதே 5/8 அங்குலத்தில் கவை முனையும் (இரு காதுகளுக்கிடையே ஊசி கோக்கும் முனை) வளைய முனையும் 1,588 கிலோ வேலைச் சுமை தாங்குமென்றால், கொக்கி முனைக்கு 1,021 கிலோதான். போதாக்குறைக்கு, கம்பி ஒரு கணம் தொய்ந்தாலே கொக்கி கழன்றுவிடும். இப்போது பன்னிரண்டும் கவை முனைகளே. இன்னொரு பாடம், காற்றின் அதிர்வு டர்ன்பக்கிளைத் தானாகவே திருப்பிவிடும் என்பது. பூட்டு நட்டு போட்டேன். ஓராண்டுக்குள் இரண்டு தளர்ந்திருந்தன. பிறகு மென்கம்பியை நடு உடலுக்குள் கொடுத்து, இரு முனை ஊசிகளிலும் எட்டு வடிவில் சுற்றி முறுக்கிவிட்டேன்; அதற்குப் பின் ஒன்றுகூட நகரவில்லை. ஷேக்கிள் (சாமான்களை இணைக்கும் யூ வடிவ வளையம்) ஊசிகளுக்கும் இதே கட்டுதான்.

துருப்பிடிக்காது என்று நம்பி வாங்கிய எவர்சில்வர் டர்ன்பக்கிள் இரண்டு, நான்காம் ஆண்டில் மரையோடு மரை கடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் திரும்பாமல் போயின. கிரைண்டரால் அறுத்துத்தான் எடுத்தேன். மரைக்கான கடிதடுப்புப் பசை பூசியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சாமான்களே எனக்கு நெடுநாள் உழைத்தவை. மின்முலாம் பூசியது கடையில் பளபளக்கும். அதன் பூச்சு 5 முதல் 12 மைக்ரான் வரைதான் இருக்கும், முக்கியெடுத்ததில் 45 மைக்ரானுக்கும் மேல். பளபளத்தவை இரண்டாம் மழைக்காலத்திலேயே பழுப்பேறின.

கம்பியின் அடிமுனையைத் தரையில் பிடித்து வைக்கும் நங்கூரத்தில், மண்ணுக்குள் திருகி இறக்குவது, காங்கிரீட் கட்டை என நான் இருவகையும் வைத்திருக்கிறேன். திருகு நங்கூரத்தை முதலில் செங்குத்தாக இறக்கியது பிழை. இழுப்பு சாய்வாக வருவதால், ஈரமண்ணில் தண்டு மண்ணைக் கீறிக்கொண்டு சைலோ பக்கம் சாய்ந்து, கம்பி தொய்ந்தது. தண்டு கம்பியின் நேர்கோட்டிலேயே, அதே சாய்வில் இறங்க வேண்டும். மண் இளகிய மூலையில் காங்கிரீட் கட்டை புதைத்தேன். கம்பியில் 1 டன் வந்தால் கட்டையை மேலே பிடுங்கும் விசை சுமார் 700 கிலோ, 0.3 கன மீட்டர் காங்கிரீட்டின் எடை 720 கிலோ. இது மயிரிழைக் கணக்கு என்பதால் கட்டையை இரட்டிப்பாக வார்த்து, மேலே மண்ணையும் கெட்டித்தேன்.

இப்போதைய என் வழக்கம் இதுதான்: சைலோ காலியாவதற்கு முந்தைய வாரம் பன்னிரண்டு கம்பிகளுக்கும் துடிப்பு எண்ணுவேன், பெயிண்ட் கோடுகளைப் பார்ப்பேன், டர்ன்பக்கிள் மரைக்குக் கிரீஸ் தடவுவேன். காற்றடிக்கும் நாளில், அல்லது சைலோ காலியாக இருக்கும்போது, எந்தக் கம்பியையும் முழுதாகக் கழற்றுவதில்லை. கண்ணுக்கு எட்டாதது நங்கூரத் தண்டு மண்ணுக்குள் நுழையும் இடம் மட்டுமே. ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுவதால் துரு முதலில் அங்கேதான் பற்றும், பக்கத்தில் உரம் சிந்தியிருந்தால் இன்னும் விரைவாக. சென்ற ஆண்டு ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்த மூன்று தண்டுகளில் ஒன்று, மேலே முழுத் தடிமனோடு நின்றபடியே, கீழே சுண்டுவிரல் அளவுக்கு மெலிந்திருந்தது. அதை மாற்றிவிட்டேன். மீதி ஒன்பதையும் அடுத்த அறுவடை சைலோக்களை நிரப்பியதும், கம்பிகளுக்கு வேலை இல்லாத அந்த மாதங்களில், ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்க இருக்கிறேன்.