வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு இப்போது பத்தாம் ஆண்டு. சித்திரை லீவில் போயிருந்தபோது முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டே கேட்டாள். "மாமா, இந்த முறை தவணைச் சோதனை வைக்கேல்ல. நான் முன்னுக்கு வந்திட்டனோ பின்னுக்குப் போட்டனோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"அதுக்குத்தான் ரியூசனுக்குப் போ எண்டு சொல்லுறன்" என்று குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது.

இருவருக்கும் அன்றைக்கு ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அவளுடைய போன வருடத் தேர்ச்சி அறிக்கை. வகுப்பில் 14 பேர். முதல் தவணையில் ஆறாம் பிள்ளை, இரண்டாம் தவணையில் நாலாம் பிள்ளை. வீட்டில் ஒரே சந்தோசம். இடையில் நன்றாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் வவுனியாவுக்கு மாறிப் போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கணிதப் புள்ளி 52 ஆக இருந்தது 51 ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களில் எத்தனையாம் பிள்ளை என்கிற இடம் இவ்வளவுதான். பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையிலும் பக்கத்து மேசைக்காரர் எத்தனை எடுத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. 75 எடுத்தால் ஏ, 35க்குக் கீழே போனால் சித்தியில்லை. ஆனால் தவணைச் சோதனையில் ஒரு நல்ல விசயம் இருந்தது. மூன்று மணித்தியாலம் ஓரிடத்தில் இருந்து, எழும்பாமல், பயத்தோடு எழுதுகிற பழக்கம். அது போனால் வேறு எங்கே பிடிப்பது?

அக்கா சொல்கிற ரியூசனில் பிடிக்கலாம். மாதாமாதம் பேப்பர் வைப்பார்கள், இன்னொருவர் திருத்துவார், அடுத்த ஊர்ப் பிள்ளைகளோடும் போட்டி இருக்கும். குறை வேறு இடத்தில். போன கிழமை சேர் படிப்பித்த அலகைத்தான் இந்தக் கிழமை கேட்பார். பிள்ளை 80 எடுத்துக்கொண்டு வரும். தை மாதம் படித்ததை ஆடியில் கேட்டால் என்ன வரும் என்பதை அந்த 80 சொல்லாது. அதோடு பெரிய வகுப்புகள் எல்லாம் கிளிநொச்சி, வவுனியா மாதிரி நகரங்களில். பஸ்ஸுக்குக் காசு, வகுப்புக்குக் காசு, திரும்பி வரும்போது இருட்டு. யானை இறங்குகிற வழியில் பெண்பிள்ளையைத் தனியே விட அக்காவுக்கே மனம் வராது. அதனால் அத்தான் சைக்கிளோடு சந்தியில் காத்து நிற்கவேண்டும். அந்த மனுசன் காலையிலிருந்து வயலில் நின்றவர்.

கடந்தகால வினாத்தாளுக்கு இந்தச் செலவு இல்லை. பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாளும் புள்ளியிடும் திட்டமும் இணையத்தில் கிடைக்கும். வட்சப்பில் யாராவது அனுப்பியும் விடுவார்கள். கணிதம் என்றால் முதலாம் தாள் இரண்டு மணித்தியாலம், இரண்டாம் தாள் மூன்று. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இருந்தால், மண்டபத்தில் இருப்பது போலத்தான். பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு முழுத்தாளும் செய்ய முடியாது. நாலைந்து வருடத் தாள்களில் இருந்து படித்து முடித்த அலகுகளின் வினாக்களைப் பொறுக்கி ஒரு தாளாக்கிக் கொடுத்தால் சரி.

மருமகளை அப்படித்தான் இருத்தினேன். முதலாம் தாளின் ஏ பகுதி மாதிரி 25 சிறு வினா, ஒன்றுக்கு 2 புள்ளியாக மொத்தம் 50. தானே திருத்திவிட்டு 38 என்றாள். வாங்கி நான் திருத்தினேன். 31தான். பரப்பளவுக்கு வெறும் 24 என்று எழுதியிருந்தாள், சதுர சென்ரிமீற்றர் இல்லை. மூன்று இடத்தில் விடை பிழை. "அது தெரிஞ்சதுதான் மாமா, கவனப்பிழை" என்று சொல்லிச் சரி போட்டிருந்தாள். தன் தாளைத் தானே திருத்தினால் கை இளகத்தான் செய்யும். அதன் பிறகு அவளும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் தாளை மாற்றித் திருத்துகிறார்கள். அங்கே இரக்கத்துக்கே இடமில்லை.

ஆனாலும் 31 என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த தாள் கொஞ்சம் லேசாக இருந்தால் 36 வரும். அது முன்னேற்றமா, அதிர்ஷ்டமா? இந்த இடத்தில்தான் நான் பிழைக் கொப்பியின் பக்கம் சாய்கிறேன். விட்ட பிழையெல்லாம் ஒரு கொப்பியில் ஏறும். பக்கத்தில் காரணம் மூன்றில் ஒன்று: தெரியாது, மறந்துபோச்சு, அவசரம். ஒரு கிழமை கழித்து விடையை மூடிவைத்து அதே வினாவைத் திரும்பச் செய்யவேண்டும்.

அந்த ஒரு கிழமை முக்கியம். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு சிறு உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 81 வீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு கிழமை கழித்தோ வாசித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருக்கும். மூடினால்தான் தெரியும்.

போனில் விளையாட்டு மாதிரி வருகிற வினாவிடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நாலு விடையில் ஒன்றைத் தட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் நாற்பதில் பத்து சரிவரும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது தட்டலாம், அவ்வளவுதான்.

பாடசாலை மட்டக் கணிப்பீடு வேறு கதை. தவணைச் சோதனையைக் குறைத்தால் அதன் இடத்தை நிரப்ப வேண்டியது அதுதான். ஒப்படை, செயற்றிட்டம், வகுப்புச் சோதனை என்று வருடம் முழுக்க ஆசிரியர் பார்த்துக்கொண்டே வரலாம். நடப்பில் பாதி வீடுகளில் பிறிஸ்ரல் அட்டையில் படம் ஒட்டுவது அம்மா. என் அக்காவும் ஒட்டியிருக்கிறார், பசை பிசுபிசுத்த கையோடு என்னைத் திட்டிக்கொண்டே. இருந்தும் கொப்பியின் ஓரத்தில் "வழி சரி, கடைசி வரியில் குறியைப் பார்" என்று ஒரு ரீச்சர் எழுதினால், எந்தப் புள்ளியையும் விட அது பெறுமதி. நாற்பது கொப்பி திருத்துகிற ரீச்சருக்கு அதற்கு நேரம் கிடைக்கவேண்டுமே.

இதெல்லாம் சாதாரண தரம் வரைக்கும். உயர்தரத்துக்குப் போனால் என் கணக்கு மாறும். அங்கே இசட் புள்ளி. மற்றவர்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதுதான் அளவு. பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் நாடு முழுவதற்குமான தரவரிசையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் வவுனியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது உயர்தரப் பிள்ளைக்குத் தன் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தாகவேண்டும். அதற்குப் பிழைக் கொப்பி காணாது. பல பாடசாலைகளுக்கும் பொதுவாகப் பரீட்சை வைக்கிற தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தாள் மாதிரி, யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் எழுதுகிற ஒரு பொதுத்தாள் வேண்டும். அந்த வயதில் ரியூசன் பரீட்சைக்குக் கொடுக்கிற காசையும் நான் குறை சொல்லமாட்டேன்.

மருமகளுக்கு இன்னும் அந்த அவசரம் இல்லை. போன மாதம் போனபோது கொப்பியை எடுத்துவந்து காட்டினாள். அவளுடைய பெரிய வியாதி அடைப்புக்குறிக்கு முன்னால் வருகிற கழித்தல். 7 − (4 − 9) என்றிருந்தால் அடைப்பை எடுத்துவிட்டு 7 − 4 − 9 என்று எழுதிவிடுவாள். 12 வரவேண்டிய இடத்தில் −6 வரும். வைகாசியில் அந்தப் பிழை ஏழு தரம் ஏறியிருந்தது. ஆடியில் இரண்டு தரம், இரண்டுக்கும் பக்கத்தில் "அவசரம்" என்று சிவப்புப் பேனை.

"பாத்தியா, இதுதான் முன்னுக்கு வாறது" என்றேன்.

கொப்பியை மூடினாள். "அது சரி மாமா, இப்ப நான் வகுப்பில எத்தினையாம் பிள்ளை?"