கொலராடோ எல்க் வேட்டைக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கைடு வைத்து எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்) வேட்டைக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டு, கொம்பும் கையுமாகச் சிரிக்கிற ஆட்களின் படங்களைப் பார்த்து, கைடு, கூடாரம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து வேட்டைக்குக் கூட்டிப்போகிற யாரோ ஒரு அவுட்ஃபிட்டரிடம் பாதிப் பணத்தைக் கட்டப்போகிற நிலையில் இருக்கிறீர்களா? ஒரு பத்து நிமிஷம் பொறுங்கள். எங்கள் மூன்று பேருக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் கட்டுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். ஆள் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும்.

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து இங்கே வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போய்ப் பழக்கம் உண்டு, ஆனால் மலையும் எல்க்கும் புதுசு. இந்த ஊர்க்காரர்களுக்கு அப்பாவோ மாமாவோ தாத்தாவோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள்; எந்த மலையில் எப்போது பனி விழும், எந்த அவுட்ஃபிட்டர் யோக்கியன், யார் ஏமாற்றுக்காரன் என்பதெல்லாம் சின்ன வயசிலேயே காதில் விழுந்திருக்கும். நமக்கு ஊரில் 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு காட்டில் மானைத் தொட்டாலே ஜெயில், அதனால் குடும்பத்தில் கேட்க ஒரு ஆள் கிடையாது. இந்த நிலைமையில் ஒருவர் போனில் கனிவாகப் பேசி, "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பூட்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றால் பெரிய நிம்மதியாக இருக்கிறது. தலைக்கு 7,500 டாலர் அந்த நிம்மதிக்குத்தான் கொடுத்தோம் என்று இப்போது தோன்றுகிறது. வெளிமாநிலத்துக்காரருக்கான எல்க் லைசென்ஸ் 800 டாலரைச் சுற்றி வரும், அது தனி.

சொன்னது என்னவென்றால்: 10,000 ஏக்கர் தனியார் பண்ணை, இரண்டு பேருக்கு ஒரு கைடு, சுட்டதைத் தூக்கிவர கோவேறு கழுதைகள், விறகடுப்பு வைத்த கூடாரம், மூன்று வேளைச் சாப்பாடு. அதோடு 80 சதவீத "வாய்ப்பு". இந்த 80 சதவீதத்தில்தான் முதல் கொக்கி. உலகத்திலேயே எல்க் அதிகம் இருக்கிற இடம் கொலராடோ, ஏறத்தாழ 2,80,000 இருக்கும் என்கிறார்கள், அப்படியும் அங்கே வேட்டைக்குப் போகிறவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்குக் கிடைத்தால் பெரிசு. மாநில வனவிலங்குத் துறை வருஷா வருஷம் யூனிட் (வேட்டைக்காகப் பிரித்த பகுதி) வாரியாக எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கணக்கே வெளியிடுகிறது. நல்ல பண்ணையும் நல்ல கைடும் இருந்தால் இதைவிடக் கூடக் கிடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் "வாய்ப்பு" என்று அவர்கள் சொல்வது, தூரத்தில் எங்கேயோ ஓர் ஆண் எல்க் குண்டு எட்டுகிற தொலைவில் ஒரு நிமிஷம் தெரிந்தாலும் கணக்கில் சேரும். கறி வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கேயே போனை வைத்துவிடலாம்.

அந்த அவுட்ஃபிட்டருடைய பதிவை நாங்கள் சரிபார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். கொலராடோவில் அவுட்ஃபிட்டர் தொழில் செய்ய மாநிலத்தின் ஒழுங்குமுறைத் துறையில் பதிந்திருக்க வேண்டும், 10,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் கட்டியிருக்க வேண்டும், விபத்துக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. இதைப் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். போதாது. அவர் அவுட்ஃபிட்டர் என்பதற்குத்தான் அது அத்தாட்சி, உங்களைக் கூட்டிப்போகிற அந்த மலையில் அவருக்குக் கால் வைக்க உரிமை இருக்கிறதா என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

அக்டோபர் கடைசியில் இரண்டாவது ரைஃபிள் சீசன். மீக்கர் என்கிற ஊருக்குக் கிழக்கே, ஃபிளாட் டாப்ஸ் மலைப் பக்கம், ஒயிட் ரிவர் தேசியக் காட்டை ஒட்டி கேம்ப். போய் இறங்கியதும் பண்ணை எங்கே என்று கேட்டோம். "பண்ணைக்காரர் இந்த வருஷம் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை, அதைவிட நல்ல இடம் இருக்கிறது" என்று பதில். ஒப்பந்தத்தைப் புரட்டினால் நாலாவது பக்கத்தில் "அல்லது அதற்கு இணையான நிலம்" என்று ஒரு வரி இருக்கிறது. எது இணை என்று முடிவு பண்ணுவது அவர்! சரி, மலைதானே, எல்க்குக்கு வேலி தெரியுமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். மறுநாள் காலையில் இருட்டோடு கிளம்பிப் போனால் பாதை முகப்பில் வரிசையாகப் பிக்கப் வண்டிகள். மலைச்சரிவு முழுக்க வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள். தேசியக் காடு எல்லாருக்கும் பொது, டேக் (ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) வைத்திருக்கிற எவரும் காலணா செலவில்லாமல் நிற்கக்கூடிய இடம். அங்கே நிற்கத்தான் நாங்கள் 7,500 கொடுத்திருந்தோம்.

கைடு என்று வந்தவன் இருபது வயசுப் பையன். நல்ல பையன்தான், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எங்கள் மூன்று பேருக்கும், ஒஹையோவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவருக்கும் சேர்த்து அவன் ஒருவன்தான். அவனுக்கும் அந்த மலை புதுசு. போனில் வரைபடத்தைத் திறந்து எங்களுக்கு முன்னாலேயே வழி தேடிக்கொண்டிருந்தான். 10,000 அடி உயரத்தில் மூச்சு வாங்க ஏறி, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதையாக, வேறு யாரோ காலையிலேயே கலைத்துவிட்ட பள்ளத்தாக்கில் போய் உட்கார்ந்தோம். ஒரு சாயங்காலம் இளம் ஆண் ஒன்று மரத்தோரம் வந்து நின்றது. பையன் என் தோளைத் தட்டி "சுடு, சுடு" என்கிறான். எனக்குத் தொலைநோக்கியில் கொம்பில் மூன்று கிளைதான் தெரிந்தது. அங்கே பெரும்பாலான யூனிட்களில் ஒரு பக்கக் கொம்பிலாவது நாலு கிளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்றிக்கு மேலே இருக்கிற முதல் கிளை ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். தப்பாகச் சுட்டால் அபராதமும் வழக்கும் டேக் வைத்திருக்கிறவனுக்குத்தான். நான் விரலை எடுத்துவிட்டேன். அவனுக்கு அந்த விதி தெரியுமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

இடையில் இன்னொன்று, நம்ம ஆட்களுக்கு மட்டும். எங்களில் ஒருவன் எச்1பி விசாவில் இருக்கிறான். அந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால்தான் விலக்கு. "முதலில் வந்து என் ரைஃபிளில் பழகு, லைசென்ஸ் இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று அவுட்ஃபிட்டர் போனில் சொன்னார், ரொம்ப சாதாரணமாக. நாங்கள் கேட்கவில்லை, லைசென்ஸ் வாங்கிவிட்டுத்தான் கிளம்பினோம். விசா போனால் அவரா வந்து வாங்கிக் கொடுப்பார்?

அப்புறம் நண்பனுடைய மச்சானுக்கு ஒன்று கிடைத்தது. சட்டப்படியான ஐந்து கிளை, பொழுது சாய்கிற நேரம், நல்ல இடத்தில் பட்டு விழுந்தது. சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். முழு வளர்ச்சி அடைந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தொடும். பாதையிலிருந்து இரண்டு மைலுக்கும் அதிகமான தூரத்தில், இறக்கத்தில் கிடக்கிறது. கழுதைகள் எங்கே என்றால் இன்னொரு கேம்ப்பில். கறியைச் சுற்ற துணிப்பை எத்தனை என்றால் இரண்டு. நாலு காலுக்கு நாலு வேண்டும், முதுகுக் கறிக்கும் கழுத்துக்கும் தனியாக வேண்டும். பையன் சாட்டிலைட் கருவியில் முதலாளிக்கு, அதாவது அந்த அவுட்ஃபிட்டருக்கு, செய்தி அனுப்பினான். "குடலை மட்டும் எடுத்துவிட்டுத் தோலோடு விட்டுவிடுங்கள், ராத்திரி குளிர் தாங்கும், காலையில் வருகிறேன்" என்று பதில் வந்தது.

எல்க்கின் தொடை என்பது அவ்வளவு கனம். வெளியே உறைபனி விழுந்தாலும் தோலுக்கு உள்ளே, இடுப்பெலும்பைச் சுற்றி, உடல் சூடு அப்படியே அடைபட்டு நிற்கும். அதனால்தான் விழுந்த உடனே தோலை உரித்து, கால்களைப் பிரித்து, காற்றுப்படும்படி கிளையில் தொங்கவிட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நாங்கள் உரிக்கத் தொடங்கினோம், பையன் முதலாளி பேச்சை மீற முடியாமல் கைவிளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னான். அந்த இருட்டில் வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான், என்ன செய்வது. மறுநாள் முதலாளி கழுதைகளோடு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பின்தொடையை எலும்போரம் கத்தி வைத்துப் பிளந்ததும் ஒரு புளித்த நாற்றம் வந்தது பாருங்கள், பக்கத்தில் நின்ற ஒஹையோ பெரியவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றிவிட்டார். எலும்பை ஒட்டிய சதை சாம்பல் கலந்த பச்சையாக இருந்தது. இரண்டு பின்தொடையும் அப்படியே. எல்க்கில் நல்ல கறி பாதி அங்கேதான் இருக்கிறது. முன்னங்கால்களையும் விட்டுவிடலாம், தூக்குவது சிரமம் என்று அந்த ஆள் சொன்னார். சாப்பிடக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவருவது அந்த மாநிலத்தில் குற்றம், அதுவும் நம் தலையில்தான் விழும். நாங்களே முதுகில் கட்டித் தூக்கினோம். மச்சான் வீட்டில் இதற்கென்றே புது ஃப்ரீசர் வாங்கி வைத்திருந்தார்கள் பாவம்.

கறியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் காட்டுத்துறை அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். லைசென்ஸ், டேக், ஆண் என்பதற்கான அடையாளம் உடலோடு ஒட்டியிருக்கிறதா, எல்லாம் பார்த்தார், எங்கள் பக்கம் சரி. அப்புறம் பையனைப் பார்த்து, "இவர்கள் உனக்குப் பணம் கொடுத்து வந்தவர்களா?" என்று கேட்டார். அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி வண்டிக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதம் எடுத்துவந்து கொடுத்தார். அதிகாரி அதை மேலும் கீழும் படித்துவிட்டு, "இது வேறு ரேஞ்சர் மாவட்டத்துக்கான (தேசியக் காட்டின் நிர்வாகப் பிரிவு) அனுமதி, இங்கே செல்லாது" என்றார். அவ்வளவுதான், அந்த இடத்தில் கைடு வேலை அத்தோடு முடிந்தது. தேசியக் காட்டில் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் வனச்சேவையின் சிறப்பு அனுமதி வேண்டும், அது குறிப்பிட்ட பகுதிக்குத்தான் கொடுக்கப்படும். மத்திய அரசின் நிலமேலாண்மைத் துறை நிலமாக இருந்தால் அவர்களுடைய அனுமதி தனியாக வேண்டும்.

எனவே முன்பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. எந்த யூனிட், அதில் எந்த நிலம் என்று எழுத்தில் கேளுங்கள். பொதுநிலம் என்றால் அந்த ரேஞ்சர் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, "இந்தப் பெயரில் இருப்பவருக்கு உங்கள் பகுதியில் அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான் கேட்டுப் பார்த்தேன், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தனியார் பண்ணை என்றால் இந்த வருஷத்துக் குத்தகை கையெழுத்தாகிவிட்டதா என்று கேட்டு, முடிந்தால் பண்ணைக்காரரிடமே பேசுங்கள். "இணையான நிலம்" வரியை அடிக்கச் சொல்லுங்கள், அல்லது நிலம் மாறினால் முழுப்பணமும் திரும்ப வரும் என்று அதன் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கழுதை எத்தனை, எந்த கேம்ப்பில் நிற்கும், எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதும் காகிதத்தில் வரட்டும். விலங்கு காயம்பட்டுத் தப்பிவிட்டாலும் உங்கள் வேட்டை முடிந்தது என்று எழுதிவைப்பார்கள், அதையும் தேடிப் பாருங்கள். பழைய வாடிக்கையாளர்களின் எண்களைக் கேட்டால் கொம்போடு சிரித்தவர்களின் எண்தான் கொடுப்பார்கள். போன வருஷம் வெறுங்கையோடு திரும்பினவர்களின் எண் வேண்டும் என்று கேளுங்கள். நல்ல அவுட்ஃபிட்டர் தயங்காமல் கொடுப்பார். அப்படிப்பட்டவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள், மீக்கரில் கறி வெட்டிக்கொடுத்த கடைக்காரரே இரண்டு பேர் பெயர் சொன்னார்.

வயோமிங்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வில்டர்னஸ் (சாலையோ கட்டடமோ இல்லாமல் இயற்கையாகவே விடப்பட்ட காடு) என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வெளிமாநிலத்துக்காரர் கைடு இல்லாமல், அல்லது உள்ளூர்க்காரர் ஒருவர் முறைப்படி துணைக்கு வராமல் பெரிய விலங்கு வேட்டையாட முடியாது. அதனால் பேரம் பேச உங்களுக்கு இன்னும் இடம் குறைவு, இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

பணம்? ஒரு டாலர்கூடத் திரும்ப வரவில்லை. "வேட்டையில் எதற்கும் உத்தரவாதம் கிடையாது, ஒருவருக்குக் கிடைத்ததே" என்று மின்னஞ்சலில் பதில். பாதிப் பணத்தைக் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் தகராறு பதிந்திருக்கிறோம், மீதி காசோலை, அது போனதுதான். மாநில ஒழுங்குமுறைத் துறைக்கு ஒப்பந்தம், படங்கள், அதிகாரி வந்த தேதி எல்லாம் சேர்த்துப் புகார் அனுப்பி, பிணைப் பத்திரத்தின் மீது உரிமை கோர முடியுமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒஹையோ பெரியவரும் தன் பங்குக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த ஆள் இதற்கிடையில் அடுத்த சீசனுக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார், அதே 10,000 ஏக்கர் பண்ணையைச் சொல்லித்தான்.