காலை எட்டு மணி ரயிலுக்கு எந்த மாஸ்க்?

சிங்கப்பூரில் தினமும் பொங்கோல் நிலையத்தில் ரயிலேறி ஊட்ரம் பார்க்கில் இறங்குபவள் நான். 2023 பிப்ரவரி 13 முதல் ரயிலிலும் பேருந்திலும் முகக்கவசம் கட்டாயமில்லை என்று ஆனது. நான் மட்டும் கழற்றவில்லை. வீட்டில் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, சளி பிடித்தால் மூச்சு வாங்கும். அதனால் போடலாமா வேண்டாமா என்ற கேள்வியே எனக்கு இல்லை, எதைப் போடுவது என்பதுதான். துணி, சர்ஜிக்கல் (மருத்துவமனையில் போடும் மெல்லிய மாஸ்க்), என்95 (நுண்துகளை வடிகட்டும் கெட்டியான மாஸ்க்), கேஎஃப்94 (நுண்துகளை வடிகட்டும் கொரிய வகை) என்று நான்கையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேஎஃப்94 பக்கம் சாய்ந்துவிட்டேன். அதனால் இதில் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

துணி மாஸ்க்கை முதலில் முடித்துவிடுகிறேன். 2020 ஏப்ரலில் சமூக மன்றத்தில் வாங்கியது இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அந்த ஏப்ரல் 14 முதல் வெளியே வந்தாலே மாஸ்க் கட்டாயம், முதல் தடவை பிடிபட்டால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். கிடைத்ததைப் போட்டுக்கொண்டோம், அவ்வளவுதான். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து ரயில் நிலையம் போவதற்குள் வியர்வையில் நனைந்து மேலுதட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரத்தோடு ரயிலின் குளிரில் நிற்க வேண்டும். தினமும் துவைக்கலாம்தான், டிசம்பர் மழையில் எங்கே காயப்போடுவது?

என்95 எனக்குக் கொரோனாவுக்கு முன்பே பழக்கம். 2013 ஜூன் புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 வரை போனதே, அப்போது வாங்கினோம். முகத்தோடு சரியாகப் பொருந்தினால் இந்த நான்கில் அதுதான் கெட்டி. ஆனால் தலையைச் சுற்றி இரண்டு பட்டை. பூ வைத்த நாளில் பின்னலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாட்டிப் பாருங்கள், தெரியும். மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது மட்டும் போடுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டதில்லை. நாள் முழுக்க எப்படி இருக்கும் என்பதைத் தாதியரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகப் போட்டி சர்ஜிக்கலுக்கும் கேஎஃப்94க்கும்தான். விலையில் சர்ஜிக்கல் ஜெயிக்கும், எந்தக் கடையிலும் கிடைக்கும். நல்ல சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடு அடுக்கும் லேசுப்பட்டதல்ல. இரண்டிலுமே மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய இழைகள்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கின்றன. பிறகு எங்கே வித்தியாசம்? இடைவெளியில். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். கன்னத்தில் ஒரு விரல் நுழைய இடம் இருந்தால் அந்த வழியாகவே போய் வரும், நடு அடுக்குக்கு வேலையே இருக்காது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மூக்குக்கண்ணாடி. சர்ஜிக்கல் போட்டு ரயிலேறினால் செங்காங் வருவதற்குள் இரண்டு கண்ணாடியும் வெள்ளையாகிவிடும். கைப்பேசியில் ஒரு வரி படிக்க முடியாது. முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம்தான் புரிந்தது: மூச்சு மேல்வழியாகக் கசிகிறது. மூக்குக் கம்பியை அழுத்தலாம் என்றால் மூக்குத்தி குறுக்கே நிற்கிறது. அழுத்தினால் வலி, விட்டால் ஆவி. காது வளையத்தை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி முடிச்சுப் போட்டு, பக்கவாட்டு மடிப்பை உள்ளே செருகிப் பார்த்தேன். கன்னத்துப் பக்கம் நன்றாகவே அடைந்தது. ஆனால் தினமும் காலையில் இரண்டு காதுக்கும் முடிச்சுப் போட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கேஎஃப்94 மூன்று மடிப்பாக விரிந்து படகு போல நிற்கும். நடுப்பகுதி உதட்டிலிருந்து விலகி நிற்பதால் வியர்த்தாலும் வாயில் ஒட்டாது. மூக்கின் மேலே தனி மடிப்பு இருப்பதால் கம்பி மூக்குத்திக்குச் சற்று மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. முதல் நாள் ஹவ்காங், சிராங்கூன் எல்லாம் தாண்டியும் கண்ணாடி தெளிவாகவே இருந்தது. என்னைப் பொறுத்தவரை போட்டி அங்கேயே முடிந்தது.

விலை உறுத்தத்தான் செய்கிறது. அதனால் ஒன்றை மூன்று நாள் ரயில் பயணத்துக்கு வைத்துக்கொள்கிறேன், இடையில் ஒரு காகித உறையில் போட்டுவைப்பேன். துவைப்பதில்லை, துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். காது வளையம் தளர்ந்து கண்ணாடியில் மறுபடி ஆவி படிந்தால் அன்றோடு குப்பைக்கு. அளவு பார்த்து வாங்குங்கள். என்னைப் போல ஒடுங்கிய முகத்துக்குப் பெரிய அளவு தாடையில் தொங்கும். தாடி வைத்தவர்களுக்கு இந்தக் கண்ணாடிப் பரிசோதனை எவ்வளவு பொருந்தும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. என் கணவர் தினமும் மழிப்பவர்.

ஒரு குறை உண்டு: பேச்சு அமுங்கிப்போகும். ரயிலில் அது பிரச்சினையே இல்லை. கொரோனா காலத்தில் ‘பேசாதீர்கள்’ என்று அறிவித்து அறிவித்தே வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேக்கா ஈரச்சந்தைக்கு மட்டும் சர்ஜிக்கல்தான் போட்டுப் போகிறேன். கேஎஃப்94 போட்டுப் போன அன்று அரைக் கிலோ வஞ்சிரம் கேட்டேன், மீன்காரர் இரண்டு கிலோவை வெட்டிப் பையில் போட்டுவிட்டார்.