90 நாள் இலக்கு டைரி: தாள் நன்றாக இருக்கிறது, கேள்விதான் இடிக்கிறது

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும் 90 நாள் வகை இது. தேதி போடாமல் நாளுக்கு ஒரு பக்கம், வாரக் கடைசியில் ஒரு கணக்குப் பக்கம். தையல் பைண்டிங் என்பதால் விரித்தால் மடங்காமல் கிடக்கும். பால் பாயிண்ட் பேனா பின்பக்கம் தெரியாது. ஜெல் பேனா ஊறிவிடும்.

கோளாறு முதல் பக்கத்தில். "எனக்கு என்ன வேண்டும்? எனக்காக ஏன்?" அவ்வளவுதான் கேள்வி. தண்டையார்பேட்டையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்ணைக் கேட்டால், "அப்பா கடனை அடைக்கணும், தம்பியை காலேஜ்ல சேர்க்கணும்" என்பாள். அதை எழுத இதில் இடமே இல்லை.

'நான்' என்பதைத் தனி ஆளாக நினைப்பவருக்கும் உறவுகளோடு சேர்த்து நினைப்பவருக்கும் ஊக்கம் வரும் வழி வேறு என்று உளவியலாளர்கள் ஹேசல் மார்கஸ், ஷினோபு கிடயாமா 1991-லேயே எழுதிவிட்டார்கள். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துப் புதிர்கள் கொடுத்தார்கள். வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகள் தாங்களே எடுத்த புதிரில் நன்றாகச் செய்தார்கள். ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளோ அம்மா எடுத்துக் கொடுத்தது என்று சொன்ன புதிரில். முன்பின் தெரியாதவர் எடுத்துக் கொடுத்தபோது அவர்களுக்கும் அந்த வேகம் இல்லை.

அதனால் முதல் பக்கத்தில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் 'என்ன', வலப்பக்கம் 'யாருக்கு', கீழே 'யார் முடிவு செய்தது'. கடைசி வரியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வந்தால் அந்த இலக்கை மறுபடி யோசிப்பது நல்லது. 'யாருக்கு' பகுதியில் இரண்டு பெயர் போதும். ஐந்து பெயர் எழுதினால் ஒரு நாள் படிக்காமல் விட்டாலே ஐந்து பேரை ஏமாற்றிய மாதிரி கனக்கும். டைரி பீரோவுக்குள் போய்விடும்.

வாரக் கணக்குப் பக்கத்திலும் ஒரு கோளாறு: வெற்றிக்கு ஐந்து வரி, தவறுக்கு ஒரே வரி. ஸ்டீவன் ஹைனே குழுவின் 2001 ஆய்வில், 'தோற்றுவிட்டீர்கள்' என்று அவர்களிடம் சொன்ன பிறகு ஜப்பானிய மாணவர்கள் கூடுதல் நேரம் முயன்றார்கள். வட அமெரிக்கர்களோ 'ஜெயித்துவிட்டீர்கள்' என்று சொன்ன பிறகு. சென்னைக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் குரூப் 4-இல் 200 கேள்வி. திறனறிவு மட்டும் 25. அதில் விட்டது சதவீதமா, வட்டியா, காலமும் வேலையுமா என்று பிரித்து எழுத ஒரு வரி எப்படிப் போதும்? வெற்றி வரிகளில் மூன்றை அடித்துத் தவறுக்குக் கொடுங்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டிலேயே வியாசர்பாடி மைதானத்துக்குப் பந்தாடப் போகும் தம்பி, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒரே வரியில் முடிப்பான். அவனுக்கு இந்த டைரி கோடு போடாமலே சரி. மற்றவர்கள் பிரித்துப் பார்த்து, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் காலி இருக்கும் பதிப்பாக எடுங்கள். இல்லையென்றால் 192 பக்க லாங் சைஸ் நோட்டே போதும்.