சேர்வராயன் ஓடையில் பேக்ராஃப்ட் பயணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

மூன்று வாரத்துக்கு முன்பே தேதி குறித்து, "சேர்வராயன் மலைக் காட்டாற்றில் பேக்ராஃப்ட், தலைக்கு 3,500 ரூபாய், பாதி முன்பணம்" என்று யாராவது விற்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அக்டோபரில் நாங்கள் எட்டுப் பேர் அப்படிக் கட்டி ஏமாந்தோம். நடத்தியவரின் பெயரை இங்கே போடவில்லை, நுகர்வோர் புகார் நடந்துகொண்டிருக்கிறது. என்ன தருவதாகச் சொன்னார், கையில் என்ன கொடுத்தார், அது ஏன் உயிருக்கு ஆபத்து என்பதை மட்டும் சொல்கிறோம். அடுத்து மாட்டப்போகிறவர்களுக்கு அதுதான் தேவை.

பேக்ராஃப்ட் என்பது சுருட்டி முதுகுப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஒற்றை ஆள் காற்றுப் படகு. நைலான் துணிமேல் டிபியு என்னும் பிளாஸ்டிக் பூச்சு, எடை 2 முதல் 4 கிலோ. நல்ல படகும் பழகிய கையும் இருந்தால் பாறைகளுக்கு நடுவே ஓடும் வேகமான ஓடையில்கூட இறங்கலாம். பிரச்சினை படகில் இல்லை, விற்றவரிடம்.

முதல் பொய் தேதியிலேயே இருந்தது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறக்கும் மலை இது. ஆனால் அடிவாரத்துக்கு இறங்கும் சிற்றோடைகள் பெரும்பாலும் மழையை நம்பியவை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு இறக்கத்தைக் கொஞ்ச தூரத்திலேயே தண்ணீர் கடந்துவிடுகிறது. மேலே கொட்டினால் கீழே காட்டாறு, மழை விட்டால் சில மணி நேரத்தில் கணுக்கால் தண்ணீர். அப்படிப்பட்ட ஓடையில் மூன்று வாரம் கழித்து ஞாயிறு காலை பத்து மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று படகைத் தூக்கிக்கொண்டு கல்லில் நடக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் இறங்கவே கூடாத வெள்ளமாக இருக்கும். நேர்மையாக நடத்துகிறவர் "மழையைப் பார்த்து முந்தின நாள் சொல்கிறேன், தண்ணீர் சரியில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும்" என்பார். இவர் எழுதியிருந்தது "முன்பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது."

"கிரேடு 2, ஆரம்பநிலை" என்றும் விளம்பரத்தில் போட்டிருந்தார். ஓடும் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று சொல்லும், 1 முதல் 6 வரையுள்ள அந்த அளவுகோல் தண்ணீர் மட்டத்தோடு மாறும். ஒரே ஓடை காலையில் 2, மதியம் 4. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் ஆள்மேல் விழும் அழுத்தம் நாலு மடங்கு.

அன்று பத்தரை மணிக்குச் சேலத்தில் நல்ல வெயில், மலை முகட்டில் கருமேகம். ஓடை செம்மண் நிறத்தில் ஓடியது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதற்குமேல் அடையாளம் வேண்டாம். தெரிந்தவர்கள் கரையோரம் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு, கால் மணி நேரம் பார்ப்பார்கள். இரண்டு விரல்கடை ஏறினாலும் அன்றைக்கு இறங்குவதில்லை என்பது எங்கள் கணக்கு. குச்சி நட வேண்டும் என்று கேட்டபோது, "நேரமாகுது, வாங்க" என்றார்.

படகுக்கு வருவோம். விளம்பரப் படத்தில் இருந்தது டிபியு பேக்ராஃப்ட். வந்திறங்கியது குளத்தில் மிதக்கவிடும் பிவிசி படகு. பையைப் பிரித்ததும் புது ரெக்சின் நாற்றம் வந்தது, அதுவே முதல் சாட்சி. தராசுக் கொக்கியில் மாட்டினால் 7 கிலோ காட்டியது. இரண்டு பக்கமும் துடுப்பு மாட்டும் பிளாஸ்டிக் வளையம் வேறு. அது உட்கார்ந்து பின்னோக்கி வலிக்கும் ஏரிப் படகுக்கு உரியது. வேகத் தண்ணீருக்கான பேக்ராஃப்டில் அது இருக்காது, இரண்டு முனையிலும் தட்டையான அலகு உள்ள துடுப்பைக் கையில் பிடித்து முன்னோக்கி வலிப்போம். வால்வுக்குப் பக்கத்தில் கம்பெனி அச்சடித்த எச்சரிக்கை எழுத்துகளை உப்புத்தாள் போட்டுச் சுரண்டியிருந்தார்கள். எட்டில் ஒரு படகில் மட்டும் அரைகுறையாக விட்டிருந்தார்கள். அதில் "0.03 பார்" என்று படிக்க முடிந்தது.

அந்த எண்தான் முழுக்கதையும் சொல்கிறது. பார், பிஎஸ்ஐ இரண்டும் காற்றழுத்தத்தின் அளவு. 0.03 பார் என்றால் அரை பிஎஸ்ஐகூட இல்லை. வேகத் தண்ணீர்ப் படகுக்கு ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ வேண்டும். காற்று குறைந்த படகு அலையில் நடுவே மடியும், உள்ளே இருப்பவர் பாய்க்குள் சுருட்டியதுபோல் மாட்டிக்கொள்வார்.

நல்ல படகிலும் இந்தச் சிக்கல் உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 33 டிகிரி வெயிலில் அடைத்த காற்று 22 டிகிரி ஓடையில் குளிரும்போது சுருங்கும். ஒன்றரை பிஎஸ்ஐ அடைத்திருந்தால் கிட்டத்தட்ட 0.6 போய்விடும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதனால் அடைத்த படகைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, தண்ணீரை வாரி மேலே இறைத்துக் குளிரவிட்டு, மறுபடி காற்றேற்றி இறுக்கிய பிறகுதான் ஏற வேண்டும். திரும்பக் கரையேறி வெயிலில் வைக்கும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தையல் விடும். இவர் வெயிலில் அடைத்தார், நேராக இறக்கினார். நூறு மீட்டர் போவதற்குள் எல்லாப் படகும் தொளதொளத்துவிட்டது.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ஒன்றைக் கையோடு கொண்டுவந்து வீட்டுத் தொட்டியில் சோதித்தோம். 70 கிலோவுக்கு மேற்பட்ட ஆளுக்கான மிதவைச் சட்டைக்குக் குறைந்தது 50 நியூட்டன் மிதப்பு வேண்டும், அதாவது தண்ணீருக்குள் ஐந்து கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். மளிகைக்கடை ஐந்து கிலோ இரும்பு எடைக்கல் தண்ணீருக்குள் நாலேகால் கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். ஆகவே சரியான சட்டையில் அந்த எடைக்கல்லைக் கட்டிப் போட்டால் மிதந்தே ஆக வேண்டும். ஒரு நாள் முழுக்க ஊறவைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. நாங்கள் கொண்டுவந்தது கல்லோடு நேரே அடியில் போய் உட்கார்ந்தது. தையலைப் பிரித்தோம். உள்ளே டிவி பெட்டியில் வரும் வெள்ளைப் பேக்கிங் ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாக வெட்டி அடைத்திருந்தார்கள், ஒரு துண்டில் கண்ணாடிக் கோப்பைப் படம் பாதி தெரிந்தது. வெளியே தைத்திருந்த முத்திரை மட்டும் அசலைப்போல இருந்தது. சட்டையை மாட்டி எல்லா பக்கிளையும் இறுக்கியபின் ஒருவர் தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுக்கட்டும். காதுவரை ஏறினால் அது உங்களுக்கான சட்டை இல்லை. இந்தச் சோதனை அரை நிமிட வேலை.

ஹெல்மெட்டாகப் பைக் ஹெல்மெட் கொடுத்தார். தண்ணீர் வடிய ஓட்டையே இல்லாதது, கழுத்தைப் பிடித்து இழுக்கும்.

மீட்புக் கயிறு கேட்டதற்குக் கிணற்றுக் கயிறு காட்டினார். அதன் ஒரு முனை கடைசிப் படகில், மறுமுனை வழிகாட்டிப் பையனின் இடுப்பில், முடிச்சுப் போட்டு. ஓடும் தண்ணீரில் ஆளைக் கயிற்றால் கட்டுவதைப்போல ஆபத்து வேறில்லை. கயிறு பாறையில் மாட்டினால் தண்ணீர் அவனை அடியில் அழுத்தி வைத்துவிடும், முடிச்சை அவிழ்க்க முடியாது. மீட்புக் கயிறு என்றால் 15 முதல் 20 மீட்டர், மிதக்கும் வகை, சிறு பைக்குள் அடைத்தது. கரையில் நிற்பவர் பையை வீச வேண்டும், தண்ணீரில் இருப்பவர் கயிற்றைக் கையால் பிடித்துத் தோளில் போட்டு மல்லாக்க மிதக்க வேண்டும். மணிக்கட்டில் சுற்றக் கூடாது.

இப்போது தடுப்பணை. இந்தப் பக்கத்து ஓடைகளில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். எங்களை இறக்கிய இரண்டரை கிலோமீட்டரில் மூன்று தடுப்பணை, ஒரு தரைப்பாலம். எதைப்பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கரையோரம் நடந்து பார்க்கவும் இல்லை. மேலிருந்து வரும்போது தடுப்பணை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் அமைதியாகி, எதிரே ஒரு நேர்கோட்டில் முடிந்துபோனதுபோல் இருக்கும், அந்தக் கோட்டுக்கு அப்பால் மரங்களின் மேல்பாதி மட்டும் தெரியும், இரண்டு கரையிலும் சிமெண்ட் சுவர் நிற்கும். நாலடி உயரம்தானே என்று நினைப்பார்கள். அகலம் முழுக்க ஒரே சீராக விழும் தண்ணீர் அடியில் போய் மேலெழுந்து, மேல்மட்டத்தில் அணையை நோக்கியே திரும்பி ஓடுகிறது. விழுந்தவரை அது அணைக்கு இழுக்கும், அருவி அடியில் அமுக்கும், வெளியே தள்ளும், திரும்ப இழுக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் மிதவைச் சட்டைகூட முழுசாக வேலை செய்யாது. பக்கவாட்டில் ஏற வழியில்லை, சுவர்.

இரண்டாவது தடுப்பணைக்கு மேலே படகை மடக்கிக் கரையேறிவிட்டோம். கை நழுவி ஒரு துடுப்பு மட்டும் போனது. கீழே இறங்கிப் பார்த்தபோது அந்த மஞ்சள் அலகு நுரைக்குள் முங்கி, எழுந்து, அணைச் சுவரில் மோதி, மறுபடி முங்கி, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தோம், நாலு நிமிடம் தாண்டியும் வெளியே வரவில்லை. வழிகாட்டிப் பையன் அப்போதுதான் முதன்முறையாக அந்த இடத்தைப் பார்க்கிறானாம், அவனே சொன்னான். அவன்மேல் எங்களுக்குக் கோபமில்லை, அவனையும் அதே ஸ்பாஞ்சுச் சட்டையோடுதான் அனுப்பியிருந்தார்கள்.

தரைப்பாலமும் சாதாரணம் இல்லை. தண்ணீர் குழாய்களுக்குள் புகுந்து மறுபக்கம் வரும், உள்ளே கிளையும் குப்பையும் அடைத்திருக்கும், ஆள் புகுந்தால் வரமாட்டார். வளைவுகளில் சாய்ந்து கிடக்கும் முள்மூங்கில் புதரும் விழுந்த நீர்மருதும் அதே மாதிரிதான்: தண்ணீர் சல்லடையில் போவதுபோல் போகும், ஆளையும் படகையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிவளைவுக்குத்தான் தண்ணீர் இழுக்கும், எனவே வளைவுக்கு முன்பே உள்வளைவுக்கு வலித்துவிட வேண்டும். மாடு தாண்டாமல் இருக்கக் குறுக்கே கட்டிய முள்கம்பி, மோட்டார் பைப்பைக் கட்டிய நைலான் கயிறு, மீன்வலை இவையும் நம் ஓடைகளில் கிடக்கும்.

கவிழ்ந்துவிட்டால் மல்லாந்து, கால் முன்னே, கால்விரல் தண்ணீருக்கு மேலே. முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள், பாதம் பாறை இடுக்கில் மாட்டினால் தண்ணீர் உடம்பை முன்னே சாய்த்துவிடும். மரக்கிளைமேல் மோதப் போகிறீர்கள், தப்ப வழியில்லை என்றால் மட்டும் திரும்பிக் குப்புறப் படுத்து, தலை முன்னே வைத்து முழுவேகத்தில் நீந்தி அதன்மேல் தாவி ஏற வேண்டும். அடியில் போகவே கூடாது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது: எந்த ஓடை, எங்கே இறங்கி எங்கே ஏறுகிறோம், நடுவில் எத்தனை தடுப்பணை, கடைசியாகக் கரையில் நடந்து பார்த்தது எந்தத் தேதி? இதற்குப் பதில் இல்லாதவரிடம் படகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போகாதீர்கள். காப்புக்காடு வழியாக என்றால் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் கேளுங்கள். இவர் "எல்லாம் பேசியாச்சு" என்றார், தாள் எதுவும் இல்லை. அனுமதியில்லாமல் உள்ளே போனால் வழக்கு உங்கள்மேலும் வரும்.

ஏற்கெனவே கட்டியவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், கொடுத்த பொருளின் படம் ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். "திரும்பாது" என்று அவர் எழுதி வைத்திருப்பதால் உரிமை போய்விடாது. பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போயிருந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அதே படகுகளை இப்போது கார்த்திகை மாதத் தேதிகளுக்கு வேறு பெயரில் விளம்பரம் செய்கிறார்கள், படத்தில் அடையாளம் தெரிகிறது. நீலமும் ஆரஞ்சும் கலந்த நிறம். ஒன்றில் வலது பக்கக் குழாயில், பின் கைப்பிடிக்கு ஒரு சாண் முன்னால், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு சைக்கிள் ட்யூப் ஒட்டுப் போட்டிருக்கும். பிவிசியில் அந்தப் பசை நிற்காது. நாங்கள் பார்த்தபோதே ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, விரல் வைத்தால் காற்று வந்தது.